பெங்களூருக்குக் குடிபெயரும் முன் போட வேண்டிய கணக்கு

பெங்களூரில் ஒரு நிறுவனம் வேலைக்கு அழைத்திருக்கிறது. சம்பளம் இப்போது வாங்குவதைவிடக் கூடுதல். செய்தி கேட்டதும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "அங்கே வாடகை எவ்வளவு?" என்பதுதான். அவசியமான கேள்விதான். ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் கணக்கில் பாதி விடுபட்டுப்போகும். திருச்சியிலிருந்து சென்னைக்குக் குடிபோனால் விலைவாசி மட்டும் மாறும். பெங்களூருக்குப் போனால் விலைவாசியோடு நம்மை ஆளும் மாநில அரசும் மாறுகிறது. ரேஷன் பருப்பு, வண்டியின் பதிவெண், பெண்களின் பஸ் சலுகை, சாதிச் சான்றிதழ், பிள்ளைகளின் கல்லூரி இடம் எல்லாம் மாநில எல்லையோடு கட்டுண்டவை. இவற்றின் விலை உடனே தெரிவதில்லை. சில ஆண்டுகள் கழித்துத்தான் தெரியவருகிறது.

தனியாளாகப் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு எளிது. ஒரு பெட்டியோடு போய், பிடிக்காவிட்டால் அதே பெட்டியோடு திரும்பிவிடலாம். குடும்பத்தோடு கிளம்புகிறவர்களை நினைத்தே இதை எழுதுகிறேன்.

முதல் படி: உங்கள் வீட்டுச் செலவை எழுதுங்கள்

இரண்டு ஊர்களின் பெயரைப் போட்டால் "இவ்வளவு சதவீதம் கூடுதல்" என்று சொல்லும் கணிப்பான்கள் இணையத்தில் நிறைய இருக்கின்றன. அவற்றை நம்பி முடிவெடுக்காதீர்கள். அவை ஒரு சராசரிக் குடும்பத்துக்கான கணக்கு. உங்கள் வீட்டில் சர்க்கரை நோய்க்கு மாத்திரை வாங்குகிறீர்களா, பிள்ளைக்குப் பாட்டு வகுப்பு உண்டா, ஊரிலிருந்து அரிசி மூட்டை வருகிறதா என்பதெல்லாம் அவற்றுக்குத் தெரியாது.

கடந்த மூன்று மாத வங்கிக் கணக்கு விவரத்தையும் கூகுள் பே, போன்பே பட்டியலையும் எடுத்து வைத்துக்கொண்டு, வாடகை, மளிகை, காய்கறி, பால், பள்ளி, போக்குவரத்து, மின்சாரம், எரிவாயு, மருந்து, மற்றவை என்று பிரித்து எழுதுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை வரும் செலவுகளை, அதாவது பள்ளிக் கட்டணம், காப்பீட்டுப் பிரீமியம், தீபாவளித் துணி போன்றவற்றை, பன்னிரண்டால் வகுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, பெரும்பாலானோர் விட்டுவிடும் ஒரு பத்தி இருக்கிறது. இப்போது காசு கொடுக்காமல் கிடைப்பவற்றை எழுதுங்கள். பள்ளி விட்டு வரும் குழந்தையை மாலை ஆறு மணி வரை பார்த்துக்கொள்ளும் பாட்டி, மாமனார் வீட்டிலிருந்து வரும் தேங்காய், மனைவி வீட்டிலேயே நடத்தும் தையல் அல்லது டியூஷன் வருமானம் ஆகியவை ஊர் மாறினால் அறுந்துபோகும். பெங்களூரில் கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் குழந்தைக் காப்பகச் செலவு மட்டுமே ஒரு சிற்றூர் வீட்டு வாடகைக்குச் சமமாக நிற்கும். பாட்டியின் உழைப்புக்கு விலை போடுவது மனத்துக்கு ஒப்பாமல் இருக்கலாம். ஆனாலும் கணக்கில் எழுதுங்கள். அவர் செய்துவந்த வேலை எவ்வளவு பெரியது என்பதும் அப்போதுதான் வீட்டாருக்குப் புரியும்.

இரண்டாவது படி: கைக்கு வரும் சம்பளம்

நிறுவனம் கடிதத்தில் காட்டும் ஆண்டுத் தொகையில் நிறுவனம் செலுத்தும் வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை, குழுக் காப்பீடு, உறுதியில்லாத ஊக்கத்தொகை எல்லாம் அடங்கியிருக்கும். "மாதம் வங்கிக் கணக்கில் எவ்வளவு வரும்?" என்று மனிதவளத் துறையிடம் எழுத்தில் கேளுங்கள். அந்த ஓர் எண்ணை மட்டும் கணக்குக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

வரியைப் பற்றிச் சுருக்கமாக: 2025–26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில், சம்பளக்காரர்களுக்கு நிலையான கழிவையும் சேர்த்து ஆண்டுக்கு 12.75 லட்சம் ரூபாய் வரை வருமான வரி இல்லை. அதற்குள் சம்பளம் வாங்குகிறவர்கள் வீட்டு வாடகைப் படிக்கான வரிவிலக்கைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. அதற்கு மேல் வாங்கி, பழைய முறையில் இருப்பவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1962ஆம் ஆண்டின் வருமான வரி விதிகளில் வாடகைப் படி விலக்குக்குச் சென்னை, சம்பளத்தில் 50 சதவீதம் வரை என்ற பட்டியலில் இருந்தது. பெங்களூரு 40 சதவீதத்தில் இருந்தது. நீங்கள் சேரும் ஆண்டில் எது பொருந்தும் என்று நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் கேட்டுவிடுங்கள். தொழில் வரி இரண்டு மாநிலங்களிலும் உண்டு. அரசமைப்புச் சட்டப்படி எங்கேயும் அது ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்ட முடியாது என்பதால் அதை ஒரு பொருட்டாக எண்ண வேண்டாம்.

மூன்றாவது படி: இரண்டு பத்திகளையும் பக்கத்தில் வையுங்கள்

திருச்சியில் வசிக்கும் நால்வர் அடங்கிய குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்கைக் காட்டுவதற்காக நான் வைத்தவை. உங்கள் எண்களை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

கைக்கு வரும் சம்பளம் 55,000. வாடகை 11,000, சாப்பாட்டுச் செலவு 13,000, பள்ளி 6,000, போக்குவரத்து 3,000, மின்சாரம், எரிவாயு, போன் 3,000, மற்றவை 5,000. மொத்தம் 41,000. மிச்சம் 14,000.

பெங்களூரில் கைக்கு 80,000 தருகிறார்கள். வாடகையும் மெயின்டனன்ஸும் (கட்டடப் பராமரிப்புக் கட்டணம்) சேர்த்து 26,000, சாப்பாடு 15,000, பள்ளியும் வேனும் 13,000, போக்குவரத்து 5,500, மின்சாரம், தண்ணீர், எரிவாயு, போன் 3,000, ஊருக்குப் போய்வர 4,000, மற்றவை 6,000. மொத்தம் 72,500. மிச்சம் 7,500.

சம்பளம் 25,000 ரூபாய் ஏறியும் சேமிப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிட்டது. திருச்சியில் மிச்சமான அதே 14,000 கையில் நிற்க வேண்டுமானால் 86,500 வாங்கியாக வேண்டும். இந்த எண்ணோடுதான் நிறுவனத்திடம் பேசப் போக வேண்டும். "பெங்களூர் செலவு அதிகம் சார்" என்று பொதுவாகச் சொல்வதைவிட, "என் குடும்பத்துக்கு இவ்வளவு தேவைப்படுகிறது, கணக்கு இதோ" என்று சொல்வதற்கு மதிப்பு அதிகம்.

சாப்பாட்டுச் செலவு பெரிதாக ஏறவில்லையே என்று பார்க்கிறீர்களா? பொதுவாக அப்படித்தான் இருக்கும். காய்கறியும் மளிகையும் இரண்டு ஊர்களிலும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசத்தில் இல்லை. கர்நாடக அரசுக் கூட்டுறவின் நந்தினி பால் 2025 ஏப்ரலில் லிட்டருக்கு 4 ரூபாய் உயர்ந்தது என்றாலும் குடும்பத்தைக் கவிழ்க்கும் செலவு அதுவல்ல. இட்லி அரிசியும் புழுங்கலரிசியும் எல்லாக் கடைகளிலும் நம் ஊர்த் தரத்தில் கிடைப்பதில்லை. அல்சூர், சிவாஜி நகர், ஸ்ரீராமபுரம் பக்கம் தமிழர்கள் நடத்தும் மளிகைக் கடைகளில் கிடைக்கும். குடும்பத்தின் கழுத்தைப் பிடிப்பவை வாடகையும் பள்ளியும் பயணமும்தான். பேரத்தையும் கவனத்தையும் அந்த மூன்றின்மீது வையுங்கள்.

லாபமும் ஒன்று உண்டு. கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் அது. திருச்சியிலும் சென்னையிலும் ஏப்ரல், மே மாதங்களில் ஏ.சி.க்குக் கட்டும் மின்கட்டணம் அங்கே பெருமளவு மிச்சம்.

நான்காவது படி: நுழைவுப் பணம்

மாதக் கணக்கு சரியாக வந்த பிறகும் பலர் தடுக்கி விழுவது இங்கேதான். பெங்களூரில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது நெடுநாள் வழக்கம். இப்போது பல வீடுகளில் ஐந்து, ஆறு மாதங்களாகக் குறைந்திருக்கிறது. பேசினால் இன்னும் இறங்குகிறவர்களும் உண்டு. தமிழகத்தில் 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டப்படி, வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாத வரை, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்க முடியாது. அந்த நினைப்போடு பெங்களூரில் வீடு தேடப் போனால் முதல் நாளே அதிர்ச்சியாக இருக்கும்.

மேலே சொன்ன குடும்பம், மெயின்டனன்ஸ் போக 24,000 வாடகை வரும் வீட்டுக்கு ஆறு மாத அட்வான்ஸ் தருவதாக வைத்துக்கொண்டால் 1,44,000. முதல் மாத வாடகை 24,000. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை 24,000. சாமான் லாரி 25,000. இரண்டு பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை 60,000. திரைச்சீலை, விளக்கு, தண்ணீர் வடிகட்டி என்று சில்லறைச் செலவு 15,000. ஆக 2,92,000 ரூபாய் முதல் மாதத்திலேயே கையைவிட்டுப் போகிறது.

இதில் அட்வான்ஸ் திரும்பி வரும், ஆனால் முழுதாக வராது. காலி செய்யும்போது வெள்ளையடிக்கவென்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது அங்கே பரவலான வழக்கம். எத்தனை மாதம் குடியிருந்தாலும் பிடிப்பார்கள். ஆகவே திரும்பவே வராத பணம் என்று பார்த்தால் புரோக்கர், லாரி, சேர்க்கை, சில்லறை சேர்த்து 1,24,000, வெள்ளையடிப்பு 24,000, மொத்தம் 1,48,000. இதை இரண்டு ஆண்டுகளுக்குப் பரப்பினால் மாதம் ஆறாயிரத்துச் சொச்சம். மிச்சமிருந்த 7,500இல் இதைக் கழித்தால் நிற்பது சுமார் 1,300 ரூபாய். திருச்சி வாழ்க்கைக்கு இணையாக நிற்க வேண்டுமானால் சம்பளம் 93,000 அளவில் இருக்க வேண்டும் என்பது இப்போதுதான் தெரிகிறது. இடமாற்றச் செலவு, முதல் இரண்டு வாரத் தங்குமிடம் ஆகியவற்றை நிறுவனம் ஏற்குமா என்று கேட்கத் தயங்காதீர்கள். தருகிற நிறுவனங்கள் உண்டு. ஓராண்டுக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை அதில் இருக்கிறதா என்று மட்டும் படித்துப் பாருங்கள்.

வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் பதினொரு மாதத்துக்குத்தான் எழுதுவார்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்பதே காரணம். புதுப்பிக்கும்போது ஐந்து சதவீதம் ஏற்றுவது சாதாரணம். கையெழுத்திடும் முன் நான்கு வரிகளைத் தேடிப் படியுங்கள். அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்பத் தரப்படும், வெள்ளையடிப்புக்கு எவ்வளவு, இடையில் காலி செய்தால் என்ன, மெயின்டனன்ஸ் ஏறினால் யார் தலையில்? வாய்ப்பேச்சில் ஒப்புக்கொண்டதெல்லாம் எழுத்தில் வர வேண்டும்.

லீஸ் வீடுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பத்து லட்சமோ இருபது லட்சமோ மொத்தமாகக் கொடுத்துவிட்டால் மாத வாடகையே இல்லை, காலி செய்யும்போது பணம் முழுவதும் திரும்பும் என்பார்கள். நம் ஊர் ஒத்தி, போக்கியம் போன்றதுதான். மாதக் கணக்கில் 24,000 ரூபாய் அப்படியே மறைந்துவிடுவதால் மனம் அதில் போய் விழும். ஆனால் வீட்டின்மேல் வங்கிக் கடன் இருந்து உரிமையாளர் தவணை கட்டத் தவறினால் வங்கி வீட்டைக் கைப்பற்றிவிடும். உங்கள் இருபது லட்சம் நடுத்தெருவில் நிற்கும். உரிமையாளரைக் காட்டாமல் இடைத்தரகர் மட்டுமே பேசும் வீடு இன்னும் ஆபத்தானது. வில்லங்கச் சான்றிதழ் பார்த்து, உரிமையாளரிடம் நேரில் பேசி, ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய முடிந்தால் மட்டும் யோசியுங்கள். வெளியூரிலிருந்து புதிதாக வருகிறவர்கள் முதல் ஆண்டில் லீஸ் பக்கமே போக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வாழ்நாள் சேமிப்பை அறிமுகமில்லாத ஊரில், அறிமுகமில்லாதவர் கையில் கொடுப்பதற்கு வாடகை மிச்சம் ஈடாகாது.

ஐந்தாவது படி: அலுவலகம், தண்ணீர், பிறகு வீடு

பெங்களூரில் வீட்டைப் பார்த்துவிட்டு அலுவலகத்துக்கு வழி தேடக் கூடாது. அலுவலகத்தை நடுவில் வைத்து வீடு தேட வேண்டும். ஒயிட்ஃபீல்டில் வேலை என்றால் ஜெயநகரின் அழகான வீடு உங்களுக்கு உதவாது. ஒரு பகுதி பிடித்துப்போனால், வாரத்தின் நடுவில் ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு அங்கிருந்து அலுவலகத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை வெளிவட்டச் சாலையில் இருபது நிமிடம் பிடித்த தூரம் புதன்கிழமை ஒன்றேகால் மணி நேரம் பிடிக்கலாம். வாடகையில் நாலாயிரம் மிச்சம் பிடிக்க நாளுக்கு இரண்டு மணி நேரத்தைத் தெருவில் விடுவது நஷ்டம். அந்த நேரம் பிள்ளைகளுக்குச் சேர வேண்டியது.

மெட்ரோ நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் வீடு கிடைத்தால் சற்றுக் கூடுதல் வாடகை கொடுக்கலாம். ஆனால் மெட்ரோவும் மலிவில்லை. 2025 பிப்ரவரி கட்டண உயர்வில் அதிகபட்சக் கட்டணம் 60 ரூபாயிலிருந்து 90 ரூபாயானது. சென்னை மெட்ரோவில் அப்போது அதிகபட்சம் 50. ஆட்டோவுக்கு 2025 ஆகஸ்டிலிருந்து முதல் இரண்டு கிலோமீட்டருக்கு 36 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 18 ரூபாய் என்று அரசு நிர்ணயித்தது. நெரிசல் நேரத்தில் செயலிகள் காட்டும் தொகை வேறாக இருக்கும். மாதப் போக்குவரத்துச் செலவை மீட்டர் கட்டணத்தை வைத்துக் கணக்கிடாமல், நெரிசல் நேரக் கட்டணத்தை வைத்தே கணக்கிடுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் எவ்வளவு நுணுக்கமாகக் கேட்டாலும் தகும். 2024 கோடையில் நகரில் ஆயிரக்கணக்கான ஆழ்துளைக் கிணறுகள் வறண்டு, டேங்கர் லாரியின் விலைக்கே அரசு உச்சவரம்பு விதிக்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டு அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கி, நகரோடு சேர்ந்த 110 கிராமங்களுக்குக் குழாய்நீர் தரும் வேலை நடக்கிறது. ஆனாலும் காவிரி இணைப்பு உள்ள தெருவும் போர்வெல்லையும் டேங்கரையும் நம்பியிருக்கும் தெருவும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கும்.

வீடு பார்க்கப் போகும்போது வரவேற்பறை ஓடுகளைப் பார்க்கும் நேரத்தில் பாதியைத் தண்ணீருக்குக் கொடுங்கள். கீழே சம்ப் (நிலத்தடி நீர்த்தொட்டி) மூடியைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். உள்ளே காவிரிக் குழாய் தனியாக வருகிறதா, டேங்கர் குழாய் இறங்குவதற்கான ஓட்டை மட்டும் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். குளியலறைக் குழாயின் வாயில் வெள்ளைப் பொருக்கு கெட்டியாகப் படிந்திருந்தால் அது போர்வெல் உப்பு. கீசரும் வாஷிங்மெஷினும் சீக்கிரம் பழுதாகும். "காவிரி வாரத்துக்கு எத்தனை நாள் வரும்? மார்ச், ஏப்ரலில் டேங்கர் போட்டீர்களா? அந்தச் செலவு மெயின்டனன்ஸில் அடங்குமா, தனியா?" இந்தக் கேள்விகளை உரிமையாளரிடம் கேட்டுவிட்டு, மாடியிலோ பக்கத்திலோ குடியிருப்பவரிடமும் கேளுங்கள். இரண்டு பதிலும் ஒன்றாக இருந்தால் நம்பலாம்.

ஆறாவது படி: எல்லை தாண்டினால் கிடைப்பதும் போவதும்

முதலில் சிறியவை. 200 யூனிட் வரை இலவச மின்சாரம் தரும் கிருஹ ஜோதி திட்டம் 2023இல் கர்நாடகத்தில் வந்தது. வாடகைக்குக் குடியிருப்போருக்கும் உண்டு. ஆனால் எல்லா வீட்டுக்கும் முழு 200 இல்லை. பழைய சராசரிப் பயன்பாடும் அதற்கு மேல் சிறிதளவும்தான். 200ஐத் தாண்டினால் முழுக் கட்டணமும் கட்ட வேண்டும். முன்பு குடியிருந்தவர் தம் ஆதாரை அந்த இணைப்பிலிருந்து விடுவித்துவிட்டாரா என்று சாவி வாங்கும்போதே கேளுங்கள். தமிழகத்தில் சாதாரண நகரப் பஸ்ஸில் பெண்கள் எந்த அட்டையும் காட்டாமல் கட்டணமின்றிப் போகலாம். கர்நாடகத்தின் சக்தி திட்டத்தில் அந்த மாநில முகவரியுள்ள அடையாள அட்டை வேண்டும். ஆதாரில் முகவரி மாறும் வரை வீட்டுப் பெண்களின் பஸ் செலவைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில், தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரும் கார்டுகளுக்கு மட்டும், அதுவும் தானியம் மட்டுமே வெளிமாநிலத்தில் கிடைக்கும். தமிழக அரசு தன் செலவில் தரும் 30 ரூபாய்த் துவரம்பருப்பும் 25 ரூபாய்ப் பாமாயிலும் எல்லைக்கு அப்பால் வராது. மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாயும் தமிழக ரேஷன் கார்டை அடிப்படையாகக் கொண்டது. பெற்றோர் ஊரிலேயே இருந்தால் கார்டு அவர்களோடு தொடரும். குடும்பம் முழுவதும் போகும்போதுதான் இதை யோசிக்க வேண்டும்.

வண்டி நடுத்தரச் செலவு. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருக்கும் வண்டிக்கு அங்கே புதிய பதிவெண் பெற வேண்டும். ஊர் ஆர்டிஓவிடம் தடையின்மைச் சான்று, கடன் இருந்தால் வங்கியின் சம்மதம், பிறகு கர்நாடகத்தில் வாழ்நாள் வரி. அங்கே புதிய காருக்கு இந்த வரி விலையைப் பொறுத்து 13 முதல் 18 சதவீதம் வரை போகும். பழைய வண்டிக்கு வயதுக்கேற்பக் குறையும். தமிழகத்தில் கட்டிய வரியில் மீதிக்காலத்துக்கு உரியதைத் திரும்பக் கேட்கலாம், அலைச்சல் உண்டு. பழைய ஸ்கூட்டராக இருந்தால் ஊரிலேயே விற்றுவிட்டு அங்கே வாங்குவது உத்தமம். புதிதாக வாங்கப் போகிறவர்கள், நிறுவனத்துக்கு நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் இருந்தால், 2021இல் வந்த பி.எச். (பாரத்) வரிசைப் பதிவைக் கேட்கலாம். இரண்டிரண்டு ஆண்டாக வரி கட்டினால் போதும். மாநிலம் மாறினாலும் எண் மாறாது.

எல்லாவற்றிலும் பெரியது பிள்ளைகளின் படிப்பு. கர்நாடகத்தில் தொழிற்கல்விக்கான அரசு ஒதுக்கீட்டு இடத்தைப் பெற, பொதுவான விதிப்படி, முதல் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரையான காலத்தில் ஏழு ஆண்டுகளாவது அந்த மாநிலத்தில் படித்திருக்க வேண்டும். மூன்றாம் வகுப்பில் போகும் பிள்ளைக்கு இது இடிக்காது. எட்டாம் வகுப்பில் போகும் பிள்ளைக்கு அங்கே ஏழு ஆண்டு நிறையாது. தமிழகத்தில் விண்ணப்பிக்கும்போது இருப்பிடச் சான்றிதழ் கொண்டு தன் உரிமையை நிரூபிக்க வேண்டியிருக்கும். பெரும்பாலான பள்ளிகளில் கன்னடமும் ஒரு பாடமாக வரும். சிறு பிள்ளைகள் ஓராண்டில் பிடித்துக்கொள்வார்கள், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை திணறும். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்தவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடும், பெண் பிள்ளைகளுக்குக் கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழக அரசுப் பள்ளியில் (புதுமைப்பெண்ணுக்கு அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியிலும்) படித்தால்தான். இடையில் இரண்டு ஆண்டு வெளியே படித்தால் போயிற்று. அரசுப் பள்ளியில் நன்றாகப் படிக்கும் ஒரு பெண்பிள்ளை வீட்டில் இருந்தால், சம்பள உயர்வைவிட இது பெரிய தொகை.

சாதிச் சான்றிதழும் அப்படியே. தமிழகத்தின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல் கர்நாடகத்தில் செல்லாது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர்கூட, ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால், போன மாநிலத்தின் இடஒதுக்கீட்டைக் கோர முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் 2018இல் மீண்டும் உறுதி செய்தது. சொந்த மாநிலத்து உரிமை போவதில்லை. புதிய மாநிலத்தில் கிடைப்பதில்லை. தலைமுறைகளாகப் போராடிப் பெற்ற ஓர் உரிமையை ஒரு வேலை மாற்றத்தில் பிள்ளைகள் இழந்துவிடக் கூடாது. பத்தாம் வகுப்பை நெருங்கும் பிள்ளை இருந்தால் குடும்பம் ஊரிலேயே இருந்து, சம்பாதிப்பவர் மட்டும் பெங்களூரில் பி.ஜி. விடுதியில் தங்கி வாரக் கடைசியில் வந்துபோவதையும் ஒரு வழியாகக் கணக்கில் வைத்துப் பாருங்கள். கோவை, மதுரை, சென்னை மூன்றிலிருந்தும் இப்போது பெங்களூருக்கு வந்தே பாரத் ரயில் ஓடுகிறது. டிக்கெட் முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது என்பதால், தீபாவளி, பொங்கல் பயணத் தேதிகளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

ஏழாவது படி: எல்லையைத் தாண்டாமலே முடியுமா?

வேலை, ஓசூர் சாலையில் இருக்கும் எலெக்ட்ரானிக் சிட்டியிலோ பொம்மசந்திராவிலோ என்றால், முடிவெடுக்கும் முன் ஓசூரில் ஒருநாள் சுற்றிப் பாருங்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்து ஓசூர் தமிழகத்தின் எல்லை நகரம். அதைத் தாண்டினால் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி. அதே மலைக்காற்று, அதே வேலைச்சந்தை. ஆனால் ரேஷன் கார்டு, வண்டி எண், தமிழ்ப் பள்ளி, சான்றிதழ் எல்லாம் அப்படியே நிற்கும். வாடகையும் அட்வான்ஸும் பெங்களூரைவிடக் குறைவு. 2025 ஆகஸ்டில் ஆர்.வி. ரோடு முதல் பொம்மசந்திரா வரை மெட்ரோவின் மஞ்சள் தடம் திறந்த பிறகு, ஓசூரிலிருந்து பொம்மசந்திரா வரை பஸ், அங்கிருந்து ரயில் என்று நகருக்குள் போக முடிகிறது. நெடுஞ்சாலையில் சுங்கக் கட்டணமும் எல்லையில் காலை நெரிசலும் உண்டு. வேலை ஒயிட்ஃபீல்டிலோ ஹெப்பாளிலோ என்றால் இந்த யோசனை வேண்டாம். பயணமே உடம்பை உருக்கிவிடும்.

எட்டாவது படி: கிளம்பும் வேலைகள்

முடிவெடுத்த பிறகும் எல்லோரும் ஒரே லாரியில் ஏறாதீர்கள். வேலைக்குப் போகிறவர் முதல் இரண்டு மாதம் தனியாகத் தங்கி, வேலை நிலைக்கிறதா என்று பார்த்து, ஓய்வு நாட்களில் வீடு தேடட்டும். குடும்பம் பள்ளியாண்டு முடிந்த பிறகு வரட்டும்.

சாமான் ஏற்றும் நிறுவனத்திடம் பொருள்களின் பட்டியலோடு மொத்தத் தொகையை எழுத்தில் வாங்குங்கள். பாதி வழியில் கூடுதல் பணம் கேட்டுச் சாமானை நிறுத்திவைக்கும் ஆட்களும் இந்தத் தொழிலில் இருப்பதால், முன்பணம் குறைவாகவும் மீதி இறக்கிய பிறகும் என்று பேசுங்கள். பழைய வீட்டுச் சாமானுக்கு ஜிஎஸ்டி இ-வே பில் தேவையில்லை. அதற்கென்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

எரிவாயு சிலிண்டரை லாரியில் ஏற்ற வேண்டாம். ஊர் ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து, இணைப்பை முடித்த சீட்டையும் வைப்புத்தொகையையும் வாங்கிக்கொண்டு, அந்தச் சீட்டைப் புதிய ஊரில் காட்டுங்கள். புதிய வைப்புத்தொகை இப்போதைய விலையில்தான் கேட்பார்கள். 2022 ஜூன் முதல் அது சிலிண்டருக்கு 2,200 ரூபாய். சாதி, இருப்பிட, வருமானச் சான்றிதழ்களை ஊரில் இருக்கும்போதே இ-சேவை மையத்தில் எடுத்துவிடுங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் விடுப்புப் போட்டு வர வேண்டியிருக்கும்.

புதிய வீட்டில் சாமான் இறக்கும் முன், காலி வீட்டின் சுவர், தரை, குழாய், கதவு எல்லாவற்றையும் செல்போனில் வீடியோ எடுத்து அன்றே உரிமையாளருக்கு அனுப்புங்கள். அட்வான்ஸ் திரும்ப வாங்கும் நாளில் இதைவிடப் பெரிய சாட்சி கிடையாது.

குடியேறிய மூன்றாவது மாத முடிவில், முதல் படியில் எழுதிய அதே பட்டியலை உண்மைச் செலவோடு மறுபடியும் எழுதுங்கள். ஒன்பதாவது மாதத்தில் இன்னொரு முறை எழுதுங்கள். ஒப்பந்தம் பதினோராவது மாதத்தில் முடிவதால், தொடர்வதா, வேறு பகுதிக்கு மாறுவதா, ஊருக்கே திரும்புவதா என்று உரிமையாளருக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டிய நேரம் அதுதான்.